பைத்தான் புராஜெக்டில் ‘மாட்யூல் இல்லை’ என்று வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்ஹப்பிலிருந்து இறக்கிய புராஜெக்டாக இருந்தாலும், பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்றிய சொந்தப் புராஜெக்டாக இருந்தாலும், முதல் தடவை ஓட்டும்போது பெரும்பாலும் ‘மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்: நோ மாட்யூல் நேம்டு…’ என்ற வரியில்தான் நிற்கும். நிரல் கேட்ட மாட்யூல் (இம்போர்ட் செய்து பயன்படுத்தும் இன்னொரு நிரல் ஃபைல்) கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் யோசிக்காமல் பிப் இன்ஸ்டால் (பேக்கேஜ்களை, அதாவது மாட்யூல் தொகுப்புகளை, நிறுவும் கட்டளை) அடிப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. ஓடுவது எந்தப் பைத்தான், பேக்கேஜின் உண்மையான பெயர் என்ன என்ற இரண்டையும் உறுதி செய்துகொண்டு நிறுவினால் பெரும்பாலும் ஒரே தடவையில் வேலை முடியும்.

கீழே கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். இடைவெளி, கோடு, புள்ளி, இரட்டை மேற்கோள் எல்லாம் இங்கே இருக்கிறபடியே இருக்கட்டும். கட்டளையைச் சுற்றியிருக்கும் ஒற்றை மேற்கோளை மட்டும் அடிக்க வேண்டாம். லினக்ஸிலும் மேக்கிலும் ‘பைத்தான்’ என்ற கட்டளை கிடைக்காவிட்டால் ‘பைத்தான்3’ என்று அடிக்கவும்.

எரர் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

கடைசி வரியை. அங்கே மேற்கோளுக்குள் இருக்கும் பெயர்தான் பைத்தான் தேடிக் கிடைக்காத பெயர். அது மூன்றில் ஒன்றாக இருக்கும்: வெளியிலிருந்து நிறுவ வேண்டிய பேக்கேஜ், பைத்தானோடு வரும் நிலையான நூலகத்தின் மாட்யூல், அல்லது அந்தப் புராஜெக்டிலேயே இருக்கும் ஒரு ஃபைல். ‘யூடில்ஸ்’, ‘கான்ஃபிக்’, ‘ஹெல்பர்ஸ்’, ‘மாடல்ஸ்’ போன்ற பொதுப்பெயர் என்றால் அநேகமாக மூன்றாவது வகை. இந்தப் பெயர்களைப் பிப்பில் நிறுவவே கூடாது. அதே பெயரில் சம்பந்தமில்லாத ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும், எரர் இன்னும் குழப்பமாக மாறும்.

அதற்கு மேலே உள்ள வரிகளையும் பாருங்கள். இம்போர்ட் செய்த ஃபைல் உங்கள் ஃபோல்டரில் இருக்கிறதா, நிறுவிய பேக்கேஜ்கள் போய்ச் சேரும் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் இருக்கிறதா என்று தெரியும். சைட்-பேக்கேஜஸுக்குள் இருந்தால், ஏற்கெனவே நிறுவிய ஒரு பேக்கேஜ் தனக்கு வேண்டிய இன்னொன்றைத் தேடுகிறது என்று அர்த்தம்.

‘இம்போர்ட்எரர்: கேனாட் இம்போர்ட் நேம்…’ என்பது வேறு சங்கதி. மாட்யூல் இருக்கிறது, அதற்குள் அந்தப் பெயர் இல்லை. வெர்ஷன் பொருந்தாததுதான் வழக்கமான காரணம். இணையதளம் கட்ட உதவும் ஃபிளாஸ்க்கின் பழைய 2.2-ஐ வைத்துக்கொண்டு, அது நம்பியிருக்கும் வெர்க்ஸ்யூக்கில் 3-ஐ நிறுவினால் ‘யூஆர்எல்_குவோட்’ கிடைக்கவில்லை என்று வருவது நல்ல உதாரணம். இங்கே புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. வெர்க்ஸ்யூக்கை 3-க்குக் கீழே இறக்கலாம், அல்லது ஃபிளாஸ்க்கை உயர்த்தலாம்.

‘சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு’ என்று வந்தது. திரும்ப ஓட்டினால் அதே எரர். ஏன்?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இதுதான். பதிலும் பெரும்பாலும் ஒன்றேதான்: உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது. பிப் ஒன்றில் நிறுவியது, நிரல் இன்னொன்றில் ஓடுகிறது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பைத்தான், பைத்தான்.ஆர்க் பைத்தான், அனகோண்டா மூன்றும் சேர்ந்தே இருப்பது சாதாரணம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் உண்டு, ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது.

உறுதிப்படுத்த, எரர் வரும் ஃபைலின் முதல் இரண்டு வரிகளாக இவற்றைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்:

இம்போர்ட் சிஸ்
பிரின்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)

நிரலை ஓட்டும் பைத்தானின் முழுப்பாதை வரும். பிறகு டெர்மினலில்:

பிப் --வெர்ஷன்

இதில் பிப் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்தப் பைத்தான் வெர்ஷனுக்கு உரியது என்று இரண்டும் வரும். இரு பாதைகளும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் கிடைத்துவிட்டது. தீர்வு, பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல் நிரலை ஓட்டும் பைத்தான் வழியாகவே கூப்பிடுவது:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்

எந்தப் பைத்தானை அடித்தீர்களோ அதற்குள்தான் பேக்கேஜ் போகும். வெறும் ‘பிப் இன்ஸ்டால்’ அடிக்கும் பழக்கத்தை இதற்கு மாற்றிக்கொண்டாலே இந்த வகை எரர்களில் பெரும்பகுதி மறைந்துவிடும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

விண்டோஸில் என்னென்ன பைத்தான் இருக்கிறது என்று பார்க்க ‘பிஒய் -0பி’ (py -0p) அடியுங்கள். பாதைகளோடு பட்டியல் வரும். குறிப்பிட்ட ஒன்றில் நிறுவ ‘பிஒய் -3.12 -எம் பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்’. விஎஸ் கோடு எடிட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P) அழுத்தி, ‘பைத்தான்: செலக்ட் இன்டர்பிரட்டர்’ என்று தேடி, சரியான பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டெர்மினலில் ஓடும் நிரல் ரன் பட்டனை அழுத்தினால் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தேர்வுதான்.

லினக்ஸில் ‘சூடோ பைத்தான்3 ஆப்.பிஒய்’ என்று ஓட்டினாலும், கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) வழியாக ஓட்டினாலும் நீங்கள் ஆக்டிவேட் செய்த விர்ச்சுவல் என்விரான்மென்ட் (அடுத்த கேள்வியைப் பாருங்கள்) கணக்கில் வராது. அங்கே என்விரான்மென்டுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப்பாதையையே எழுதிவிடுங்கள். ஆக்டிவேட் செய்யும் தேவையே இருக்காது.

விர்ச்சுவல் என்விரான்மென்ட் கட்டாயமா?

கட்டாயமில்லை, ஆனால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புராஜெக்டின் பேக்கேஜ்களை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக வைக்கும் ஃபோல்டர்தான் அது. ஒரு புராஜெக்டுக்கு ஜாங்கோ என்ற பேக்கேஜின் 3.2, இன்னொன்றுக்கு அதன் 5 என்று வந்தால் ஒரே பைத்தானில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. இதை உருவாக்கும் வென்வ் என்ற கருவி பைத்தான் 3.3 முதலே கூடவே வருகிறது. புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய்:

பைத்தான் -எம் வென்வ் .வென்வ்

விண்டோஸில் ஆக்டிவேட் செய்ய:

.வென்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்

லினக்ஸ், மேக்கில்:

சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்

வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் .வென்வ் என்று தெரிந்தால் சரி. பவர்ஷெல் ‘ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதியில்லை’ என்று மறுத்தால் ‘செட்-எக்ஸிகியூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்டு’ என்று ஒரு தடவை அடித்தால் போதும். டெபியன், உபுண்டுவில் ‘என்ஷ்யூர்பிப் இல்லை’ என்று வந்தால் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்’.

இந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தவோ, பெயர் மாற்றவோ, இன்னொருவருக்கு ஜிப் செய்து அனுப்பவோ வேண்டாம். உள்ளே முழுப்பாதைகள் எழுதப்பட்டிருக்கும், நகர்த்தினால் உடைந்துபோகும். கெட்டுப்போனால் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். சில நிமிட வேலைதான்.

‘எக்ஸ்டர்னலி-மேனேஜ்டு-என்விரான்மென்ட்’ என்று பிப் மறுக்கிறதே?

டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி அவற்றின் புதிய வெர்ஷன்களிலும், மேக்கில் பலர் பயன்படுத்தும் ஹோம்புரூ நிறுவியின் பைத்தானிலும் இது வரும். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் அந்தப் பைத்தானை நம்பி ஓடுகின்றன. பிப் அங்கே ஒரு பேக்கேஜை மாற்றிவிட்டால் அவை உடையும் என்பதால் தடுத்து வைத்திருக்கிறார்கள். மேலே சொன்னபடி வென்வ் உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். லைப்ரரியாக இல்லாமல் கட்டளையாக மட்டும் பயன்படும் கருவி என்றால் பிப்எக்ஸ் பொருத்தம். ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ சேர்த்தால் ஓடிவிடும் என்று பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரே எச்சரிக்கைக்காக வைத்தது. சொந்தக் கணினியில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எரரில் வந்த பெயரையே நிறுவினால் கிடைக்கவில்லை, அல்லது வேறு ஏதோ வருகிறது. ஏன்?

இம்போர்ட் செய்யும் பெயரும், பைபிஐ தளத்தில் பேக்கேஜ் பதிவாகியிருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. அடிக்கடி மாட்டிக்கொள்ளும் சோடிகள் இவை. இடப்பக்கம் எரரில் வருவது, வலப்பக்கம் நிறுவ வேண்டியது:

சிவி2 → ஓபன்சிவி-பைத்தான்
பிஐஎல் → பில்லோ
எஸ்கேலேர்ன் → சைகிட்-லேர்ன்
பிஎஸ்4 → பியூட்டிஃபுல்சூப்4
யாமல் → பையாமல்
டாட்என்வ் → பைத்தான்-டாட்என்வ்
டேட்யூடில் → பைத்தான்-டேட்யூடில்
டாக்எக்ஸ் → பைத்தான்-டாக்எக்ஸ்
சீரியல் → பைசீரியல்
ஃபிட்ஸ் → பைமுபிடிஎஃப்
கிரிப்டோ → பைகிரிப்டோடோம்
ஜேடபிள்யூடி → பைஜேடபிள்யூடி
கிட் → கிட்பைத்தான்
வின்32காம் → பைவின்32
மைஎஸ்க்யூஎல்டிபி → மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்
பிகேஜி_ரிசோர்சஸ் → செட்அப்டூல்ஸ் (81-க்கு முந்தைய வெர்ஷன்)
இண்டிக்என்எல்பி → இண்டிக்-என்எல்பி-லைப்ரரி
தமிழ் → ஓபன்-தமிழ்

கடைசி வரி தமிழ் எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் நிரல்களில் வருவது. ‘இம்போர்ட் தமிழ்’ என்று இருந்தால் நிறுவ வேண்டியது ஓபன்-தமிழ்.

இந்தப் பட்டியலில் டாக்எக்ஸை மட்டும் சற்று நெருங்கிப் பாருங்கள். ‘பிப் இன்ஸ்டால் டாக்எக்ஸ்’ அடித்தால் தோற்காது, அந்தப் பெயரிலும் ஒரு பேக்கேஜ் பைபிஐயில் இருக்கிறது. ஆனால் அது பைத்தான் 2 காலத்துப் பழையது. ஓட்டினால் இப்போது ‘நோ மாட்யூல் நேம்டு எக்ஸப்ஷன்ஸ்’ என்று வரும். உடனே சிலர் ‘எக்ஸப்ஷன்ஸ்’ என்பதை நிறுவப் போவார்கள். அப்படி நிறுவ ஒன்றுமே இல்லை, அது பைத்தான் 2-இன் உள் மாட்யூல். செய்ய வேண்டியது: டாக்எக்ஸை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு பைத்தான்-டாக்எக்ஸை நிறுவுவது. சீரியல், ஃபிட்ஸ், ஜேடபிள்யூடி என்ற பெயர்களிலும் இப்படிச் சம்பந்தமில்லாத பேக்கேஜ்கள் உண்டு. முதலில் தவறாக நிறுவியதை அகற்றாமல் சரியானதை மேலே நிறுவினால் இரண்டும் ஒரே ஃபோல்டரில் கலந்து இன்னும் சிக்கலாகும்.

எதிர்த்திசையிலும் தேடலாம். வேலை செய்யும் ஒரு கணினி கையில் இருந்தால், பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய வெர்ஷனில் இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா மாட்யூலின் பேக்கேஜஸ்_டிஸ்ட்ரிபியூஷன்ஸ் என்ற ஃபங்ஷன், எந்த இம்போர்ட் பெயர் எந்தப் பேக்கேஜிலிருந்து வந்தது என்று முழுப் பட்டியலே தரும்.

நிறுவும் பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, நடுக்கோடா அடிக்கோடா என்பது பிப்புக்கு ஒன்றுதான். இம்போர்ட் வரியில் அப்படியல்ல, எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்க வேண்டும்.

பெயர் பார்க்கச் சரியாக இருக்கிறது. நம்பி நிறுவலாமா?

பைபிஐயில் யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் பதிவு செய்யலாம். பிரபலப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டு, கடவுச்சொல் திருடும் நிரலை ஏற்றி வைப்பது பலமுறை பிடிபட்ட தந்திரம். சோர்ஸ் வடிவத்தில் வரும் பேக்கேஜ், நிறுவும் நேரத்திலேயே தன் நிரலை உங்கள் கணினியில் ஓட்ட முடியும். இம்போர்ட் செய்யும்வரை ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். ஏஐ உதவியாளர் எழுதித் தந்த நிரலில் உலகத்திலேயே இல்லாத பேக்கேஜ் பெயர்கள் வருவதுண்டு. அப்படிப்பட்ட பெயர்களை வேறு யாரேனும் பதிவு செய்துவைக்கவும் வாய்ப்பிருக்கிறது.

ஆகவே அறியாத பெயர் என்றால் முதலில் பைபிஐ பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெளியீட்டு வரலாறு எவ்வளவு பின்னோக்கிப் போகிறது, கிட்ஹப் சுட்டி இருக்கிறதா, அந்தக் கிட்ஹப் பக்கத்தின் ரீட்மீயில் இதே பெயரில்தான் நிறுவச் சொல்கிறார்களா என்று சரிபாருங்கள். நேற்று பதிவான, விளக்கமே இல்லாத பேக்கேஜ் என்றால் தொடாதீர்கள். டெர்மினலில் ‘பிப் சர்ச்’ என்று தேட வழியில்லை, பைபிஐ அந்த வசதியை 2020 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. தளத்திலேயே தேட வேண்டும்.

ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி இல்லாத புராஜெக்ட். ஒவ்வொரு எரராக வந்துகொண்டே இருக்கிறது. மொத்தமாகக் கண்டுபிடிக்க வழி?

தேவையான பேக்கேஜ்களைப் பட்டியலிடும் அந்த ஃபைல் இல்லை என்பதற்காகப் பட்டியலே இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பைபுராஜெக்ட்.டாம்ல், செட்அப்.பிஒய், பிப்ஃபைல், என்விரான்மென்ட்.யாமல், டாக்கர்ஃபைல், கிட்ஹப் ஆக்ஷன்ஸ் ஃபோல்டர், நோட்புக்கின் முதல் செல், ரீட்மீயின் கடைசிப் பத்தி என்று எல்லா இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பைபுராஜெக்ட்.டாம்ல் அல்லது செட்அப்.பிஒய் இருந்தால், அந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -இ .’ அடித்தால் பெரும்பாலும் தேவையானவை எல்லாம் வந்துவிடும். கடைசியில் இருக்கும் புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

எதுவுமே இல்லையென்றால் பிப்ரெக்ஸ் என்ற கருவி உதவும். நிறுவிவிட்டு ‘பிப்ரெக்ஸ் .’ என்று ஓட்டினால் எல்லா ஃபைல்களின் இம்போர்ட் வரிகளையும் படித்து ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல் ஒன்றை எழுதித் தரும். அதை அப்படியே நம்பி நிறுவ வேண்டாம். ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்து, புராஜெக்டின் சொந்த ஃபோல்டர் பெயர்கள் பேக்கேஜாகத் தவறிச் சேர்ந்திருந்தால் நீக்குங்கள்.

இம்போர்ட் வரியிலேயே வராத தேவைகளும் உண்டு. அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸின் ரீட்_எக்ஸல் .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலைத் திறக்க ஓபன்பைஎக்ஸ்எல் வேண்டும், பழைய .எக்ஸ்எல்எஸ் என்றால் எக்ஸ்எல்ஆர்டி வேண்டும். பார்க்கே ஃபைலுக்கு பைஆரோ. எஸ்க்யூஎல்ஆல்கெமியில் போஸ்ட்கிரெஸ் முகவரி கொடுத்திருந்தால் சைகோபிஜி2. இவை எந்த ஃபைலிலும் இம்போர்ட் என்று எழுதப்பட்டிருக்காது, அந்த வரி ஓடும் நொடியில்தான் கேட்கும். அதனால் நிரல் திறந்துகொண்டாலே எல்லாம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. முக்கியமான ஒவ்வொரு வேலையையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

அடுத்து வெர்ஷன். நான்கைந்து ஆண்டு பழைய புராஜெக்டில் இன்றைய வெர்ஷன்களை நிறுவினால் வேறு எரர்கள் வரிசையாக வரும். கிட்ஹப்பில் கடைசி கமிட் (பதிவான மாற்றம்) தேதியைப் பாருங்கள், அந்தத் தேதிக்கு முந்தைய வெர்ஷனை பைபிஐயின் வெளியீட்டு வரலாற்றில் எடுங்கள். பைத்தானையும் அந்தக் காலத்துக்கு ஏற்ப 3.8, 3.9 என்று இறக்க வேண்டியிருக்கலாம். யூவி என்ற நிறுவி பயன்படுத்துபவர்களுக்கு இது சுலபம்: ‘--எக்ஸ்க்ளூட்-நியூவர் 2021-06-01’ என்று சேர்த்தால் அந்தத் தேதிக்குப் பின் வந்த எதையும் அது எடுக்காது.

‘நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன் ஃபவுண்ட்’ என்றால்?

பெயர் தவறு என்பது ஒரு காரணம்தான். பெயர் சரி என்று உறுதியானால் பைத்தான் வெர்ஷனைச் சந்தேகியுங்கள். டென்சர்ஃப்ளோ போன்ற பெரிய பேக்கேஜ்கள் புதிய பைத்தான் வந்த உடனே அதற்கு வருவதில்லை, சில மாதங்கள் ஆகும். அந்தப் பேக்கேஜின் பைபிஐ பக்கத்தில் ‘டவுன்லோடு ஃபைல்ஸ்’ பகுதிக்குப் போங்கள். ஃபைல் பெயரிலேயே விடை இருக்கும்: ‘சிபி312’ என்றால் பைத்தான் 3.12-க்கு, ‘வின்_ஏஎம்டி64’ என்றால் 64 பிட் விண்டோஸுக்கு, ‘மெனிலினக்ஸ்’ என்றால் பொதுவான லினக்ஸுக்கு. உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் வரி இல்லையென்றால், இருக்கும் வரிக்கேற்ற பைத்தானை நிறுவுவதுதான் குறுக்குவழி. 64 பிட் கணினியில் தெரியாமல் 32 பிட் பைத்தான் நிறுவியிருப்பவர்களுக்கும் இதே எரர்தான் வரும்.

ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலே தவறாகவும் இருக்கலாம். ஓஎஸ், ஜேசன், ரீ என்று நிலையான நூலக மாட்யூல்களை எழுதி வைத்திருந்தால் அந்த வரிகளை அழியுங்கள். கோண்டாவில் (அனகோண்டாவின் நிறுவி) ‘பிப் ஃப்ரீஸ்’ கட்டளையால் எடுத்த பட்டியலில் பேக்கேஜ் பெயருக்குப் பின் @ குறியும் ‘ஃபைல்:///’ என்று தொடங்கும் பாதையும் இருக்கும். அது எழுதியவரின் கணினிப் பாதை, உங்களிடம் இருக்காது. @ குறியிலிருந்து அந்த வரியின் முடிவுவரை நீக்கினால் போதும்.

‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை’ அல்லது ‘பைத்தான்.ஹெச் இல்லை’ என்று பாதியில் நிற்கிறது.

உங்கள் பைத்தானுக்கு ஏற்ற வீல், அதாவது முன்பே கம்பைல் செய்த ஃபைல், கிடைக்காததால் பிப் சோர்ஸை எடுத்து உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்ய முயல்கிறது. முதலில் பிப்பை உயர்த்துங்கள், பழைய பிப்புக்குப் புதிய வீல் வகைகள் தெரியாது. பிறகு ஒரு படி பழைய பைத்தான் வெர்ஷனில் முயலுங்கள். பில்ட் டூல்ஸ் என்று சில ஜிபி இறக்குவதைவிட இது எளிது. கம்பைல் செய்தே ஆக வேண்டுமென்றால் உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல், பைத்தான்3-டெவ் இரண்டையும் ஆப்ட் வழியாக நிறுவ வேண்டும். சைகோபிஜி2-வுக்கு மட்டும் சைகோபிஜி2-பைனரி என்று கேட்டால் கம்பைல் வேலையே இல்லை.

பைத்தானோடு வர வேண்டிய மாட்யூலே இல்லை என்கிறதே?

மூன்று வழிகளில் இது நடக்கும்.

ஒன்று, அது நீக்கப்பட்டுவிட்டது. 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் டிஸ்ட்யூடில்ஸ், ஐஎம்பி, ஏசிங்கோர், ஏசிங்சாட், எஸ்எம்டிபிடி போயின. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட், ஐஎம்ஜிஹெச்டிஆர், ஆடியோஆப் உட்பட 19 மாட்யூல்கள் போயின. டிஸ்ட்யூடில்ஸ் கேட்டால் செட்அப்டூல்ஸ் நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். சிஜிஐக்கு லெகசி-சிஜிஐ, ஆடியோஆப்புக்கு ஆடியோஆப்-எல்டிஎஸ் என்ற பேக்கேஜ்கள் இருக்கின்றன. ஆடியோ லைப்ரரியான பைடப் பயன்படுத்துபவர்களுக்கு 3.13-இல் ‘பைஆடியோஆப் இல்லை’ என்று வரும். அந்தப் பெயரைத் தேடி அலைய வேண்டாம், பைடப் முதலில் ஆடியோஆப்பைத் தேடிக் கிடைக்காமல்தான் அதைக் கேட்கிறது. ஆடியோஆப்-எல்டிஎஸ் நிறுவினால் தீர்ந்தது.

இரண்டு, லினக்ஸ் அதைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. சாளரங்கள் வரைய உதவும் டிகின்டர் இப்படித்தான். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-டிகே’ அடிக்க வேண்டும், பிப்பில் கிடைக்காது. பல பைத்தான் வெர்ஷன்களை நிறுவ உதவும் பைஎன்வ் வழியாகப் பைத்தானைக் கம்பைல் செய்தவர்களுக்கு _சிடைப்ஸ், _எஸ்க்யூலைட்3, _எல்இசட்எம்ஏ என்று அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் வரும். லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், லிப்எல்இசட்எம்ஏ-டெவ் ஆகியவற்றை நிறுவிவிட்டு அந்தப் பைத்தானை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

மூன்று, நிரல் பைத்தான் 2-க்கு எழுதப்பட்டது. யூஆர்எல்லிப்2, கான்ஃபிக்பார்சர் முதலெழுத்து பெரியதாக, டிகின்டர் முதலெழுத்து பெரியதாக, சிபிக்கிள் ஆகியவை அடையாளம். நிறுவுவதற்கு ஒன்றுமில்லை, நிரலைத்தான் மாற்ற வேண்டும்.

என் சொந்த ஃபைலையே கண்டுபிடிக்க மாட்டேன் என்கிறது.

பைத்தான் முதலில் தேடுவது நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் அல்ல, ஓட்டும் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரில். ஆப் என்ற ஃபோல்டருக்குள் மெயின்.பிஒய் இருந்து, அதில் ‘ஃபிரம் ஆப்.யூடில்ஸ் இம்போர்ட்…’ என்று எழுதியிருந்தால், ‘பைத்தான் ஆப்/மெயின்.பிஒய்’ என்று ஓட்டும்போது பைத்தான் ஆப்புக்குள் இன்னொரு ஆப்பைத் தேடித் தோற்கும். வெளி ஃபோல்டரில் நின்று இப்படி ஓட்டுங்கள்:

பைத்தான் -எம் ஆப்.மெயின்

சாய்கோடு போய்ப் புள்ளி வந்திருப்பதையும், .பிஒய் இல்லாததையும் கவனியுங்கள். ‘அட்டெம்ப்டட் ரிலேட்டிவ் இம்போர்ட்’ என்ற எரருக்கும் இதே மருந்து. ஃபைலுக்குள் சிஸ்.பாத்.அப்பெண்ட் எழுதி ஒட்டுப்போடுவது அன்றைக்கு ஓடும், வேறு கணினியில் உடையும்.

இன்னொன்று: உங்கள் ஃபைலுக்கு ராண்டம்.பிஒய், ரிக்வெஸ்ட்ஸ்.பிஒய், செலினியம்.பிஒய் என்று பெயர் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் உண்மையான மாட்யூலுக்குப் பதில் உங்கள் ஃபைலையே அது எடுத்துக்கொள்ளும். ‘…இஸ் நாட் எ பேக்கேஜ்’, ‘பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல்’ என்ற சொற்கள் வந்தால் முதலில் ஃபைல் பெயரைச் சந்தேகியுங்கள். பெயரை மாற்றினால் போதும்.

ஜூபிட்டர் நோட்புக்கில் மட்டும் மாட்யூல் கிடைக்கவில்லை.

நோட்புக்கின் கெர்னல் (செல்களை ஓட்டும் பகுதி) வேறு பைத்தானில் ஓடுகிறது. செல்லுக்குள் ஆச்சரியக்குறியோடு அல்லாமல் சதவீதக்குறியோடு ‘%பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ்’ என்று அடியுங்கள், ஓடும் கெர்னலுக்குள்ளேயே நிறுவும். பிறகு கெர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

மாட்யூல் இருக்கிறது, ஆனால் ‘லிப்ஜிஎல்.எஸ்ஓ.1’ அல்லது ‘டிஎல்எல் லோடு ஃபெயில்டு’ என்கிறது.

பைத்தான் பேக்கேஜ் வந்துவிட்டது, அது நம்பியிருக்கும் சிஸ்டம் லைப்ரரி இல்லை. டாக்கரிலும் சர்வரிலும் சிவி2 இப்படித்தான் விழும். திரையில் சாளரம் காட்டத் தேவையில்லை என்றால் ஓபன்சிவி-பைத்தானை அகற்றிவிட்டு ஓபன்சிவி-பைத்தான்-ஹெட்லெஸ் நிறுவுங்கள். இரண்டும் ஒரே ஃபோல்டரில் எழுதுவதால் சேர்ந்து இருக்கக் கூடாது. விண்டோஸில் டிஎல்எல் எரர் என்றால் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் நிறுவிப் பாருங்கள்.

‘நம்பை 1.எக்ஸில் கம்பைல் செய்தது நம்பை 2-இல் ஓடாது’ என்று வந்தால் வெர்ஷனை இறக்குங்கள்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் "நம்பை<2"

மேற்கோள் அவசியம். இல்லாவிட்டால் < குறியை டெர்மினல் தனக்கான குறியாக எடுத்துக்கொண்டு ‘2’ என்ற ஃபைலைத் தேடும். >= போட்டு மேற்கோளை மறந்தால், ‘=1.24’ போன்ற பெயரில் ஒரு ஃபைல் உங்கள் ஃபோல்டரில் உருவாகியிருக்கும்.

இணையமே இல்லாத கணினியில் எப்படி நிறுவுவது?

இணையம் உள்ள கணினியில் இறக்கி பென்டிரைவில் கொண்டுபோகலாம். இரண்டிலும் ஒரே ஓஎஸ், ஒரே பைத்தான் வெர்ஷன் என்றால் (‘-டி’ என்பது -d, ‘பொதி’ என்பது இறக்கியவை சேரும் ஃபோல்டரின் பெயர்):

பைத்தான் -எம் பிப் டவுன்லோடு -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி -டி பொதி

வேறு வகைக் கணினி என்றால் இதோடு ‘--பிளாட்ஃபார்ம் வின்_ஏஎம்டி64 --பைத்தான்-வெர்ஷன் 3.11 --ஒன்லி-பைனரி=:ஆல்:’ என்று சேர்க்க வேண்டும். இலக்குக் கணினியில்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் பொதி -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

அலுவலக நெட்வொர்க்கில் எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் எரர் வருகிறது.

நிறுவனத்தின் ஃபயர்வால் இடையில் தன் சொந்தச் சான்றிதழை வைப்பதால் வருவது. பிப்பை 24.2 அல்லது அதற்கு மேல் உயர்த்துங்கள். பைத்தான் 3.10-இலிருந்து அது ஓஎஸ்ஸின் சான்றிதழ்ப் பட்டியலையும் பார்க்கும், பெரும்பாலும் சரியாகிவிடும். ‘--டிரஸ்டட்-ஹோஸ்ட்’ போடுவது சான்றிதழ்ச் சோதனையையே விட்டுவிடுவது, ஐடி பிரிவிடம் கேட்காமல் அதை நிரந்தரமாக்காதீர்கள்.

எல்லாம் ஓடிவிட்டது. அடுத்தவருக்கு இந்தச் சிக்கல் வராமல் இருக்க?

முதலில் ‘பைத்தான் -எம் பிப் செக்’. பேக்கேஜ்களுக்குள் பொருந்தாத வெர்ஷன் இருந்தால் சொல்லிவிடும். பிறகு வென்வ் ஆக்டிவேட் ஆகியிருக்கும்போதே:

பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

இந்த ஃபைலை கிட்டில் சேர்த்து, .வென்வ் ஃபோல்டரை .கிட்இக்னோரில் எழுதுங்கள். ரீட்மீயின் முதல் வரியில் பைத்தான் வெர்ஷனைக் குறிப்பிடுங்கள், ஃப்ரீஸ் அதைப் பதிவு செய்யாது. பட்டியல் முழுதாக இருக்கிறதா என்று பார்க்க, வேறொரு ஃபோல்டரில் புராஜெக்டைப் புதிதாக க்ளோன் செய்து, புதிய வென்வ் உருவாக்கி, அந்த ஃபைலிலிருந்து மட்டும் நிறுவி ஓட்டுங்கள். விடுபட்டது எதுவானாலும் அங்கே தெரிந்துவிடும்.